சட்டம் தரும் உரிமை கைக்கு வந்து சேர: நுகர்வோர் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒருவர் வாங்கிய வாஷிங் மெஷின் ஏழாவது மாதத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கேட்டால் கம்பெனியிடம் பேசுங்கள் என்கிறார்கள். கம்பெனியோ, நீங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று பதில் எழுதுகிறது. சட்டம் அவர் பக்கம் இருக்கலாம். ஆனால் அதை நம்பி நீதிமன்றம் போனால் வழக்கறிஞர் கட்டணம், விடுப்பு எடுத்த நாட்களின் சம்பளம், மாதக்கணக்கான அலைச்சல் எல்லாம் சேர்ந்து மெஷினின் விலையைத் தாண்டிவிடும். பெரும்பாலானவர்கள் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போனது போகட்டும் என்று புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள்.

நுகர்வோர் சட்டத்தின் தீராத தலைவலி இதுதான். ஒவ்வொருவரும் இழப்பது சிறு தொகை. அதற்காக வழக்குப் போடுவார் அபூர்வம். அதே சிறு தொகையை ஆயிரக்கணக்கானவர்களிடம் பிடித்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ அது பெரிய லாபம். அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் காலண்டர் 1974-இல் எழுதிய கட்டுரையில் இந்த ஏற்றத்தாழ்வைத் தெளிவாக விளக்கினார். வழக்காடுபவர்களில் இரண்டு வகை உண்டு என்றார் அவர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை வழக்குக்கு வருபவர் ஒரு வகை; அதையே தொழிலின் பகுதியாகத் திரும்பத் திரும்பச் செய்பவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்கு அனுபவம் உண்டு, தயாரான ஆவணங்கள் உண்டு, எந்த வழக்கில் சமரசம் பேசலாம், எதை இழுத்தடிக்கலாம் என்ற கணக்கும் தெரியும். நுகர்வோர் எப்போதும் முதல் வகை. நிறுவனம் எப்போதும் இரண்டாம் வகை.

அதனால் ஒரு நாட்டின் நுகர்வோர் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அதில் எத்தனை உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. இழந்ததைத் திரும்பப் பெற ஆகும் செலவு, இழந்த தொகையைவிடக் குறைவாக இருக்கிறதா? நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த சட்டச் சீர்திருத்தங்களில் உருப்படியானவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றவையே.

உரிமைகள் வந்த கதை

பழைய வணிகச் சட்டத்தின் அடிப்படை, வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. சந்தையில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிய காலத்துக்கு அது ஓரளவு பொருந்தியது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாத இயந்திரங்களும், பொடி எழுத்தில் அச்சிட்ட ஒப்பந்தங்களும் வந்தபிறகு பொருந்தவில்லை. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார்: பாதுகாப்பு, தகவல், தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், தங்கள் குரல் கேட்கப்படுவது. மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். 1985-இல் ஐ.நா. பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இந்தியாவின் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 1986-இல் வந்தது. ஐ.நா. நெறிகள் 2015-இல் திருத்தப்பட்டபோது, இணையத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மற்ற வழிகளில் வாங்குபவருக்குக் கிடைப்பதைவிடக் குறையக்கூடாது என்ற கருத்தும் சேர்ந்தது.

சரி, சட்டத்தைச் சீர்திருத்துவது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே விற்பனைப் பொருட்களுக்கு 1979-இன் சட்டம், சேவைகளுக்கு 1982-இன் சட்டம், நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு வேறு விதிமுறை என்று நுகர்வோர் உரிமை பல இடங்களில் சிதறிக் கிடந்தது. வழக்கறிஞர்களே தேடிப் பிடித்துப் படிக்க வேண்டிய நிலை. 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் உரிமைச் சட்டம் அவற்றில் முக்கியமானவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. பொருளில் குறை இருந்தால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ விற்பனையாளருக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் பலிக்காவிட்டால் விலைக் குறைப்புக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். காசு கொடுத்துத் தரவிறக்கும் டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கும் அந்தச் சட்டம் தனியாக உரிமைகளை வகுத்தது. சட்டம் தெரியாதவர்கூட இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள முடியும். சட்டத்தை எளிமையாக எழுதுவதும் ஒரு சீர்திருத்தம்தான்.

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம், யார் நிரூபிக்க வேண்டும் என்ற விதியில் வந்தது. வாஷிங் மெஷினுக்குத் திரும்புவோம். பழுது தயாரிப்பிலேயே இருந்ததா, பயன்படுத்தியதால் வந்ததா? நிரூபிக்கும் பொறுப்பு நுகர்வோர் தலையில் விழுந்தால், அவர் ஒரு பொறியாளருக்குப் பணம் கொடுத்து அறிக்கை வாங்க வேண்டும். விற்பனையாளர் தலையில் விழுந்தால் அந்தச் செலவே இல்லை. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுக்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்றால் விற்பனையாளர்தான் நிரூபிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்து, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதி அதை ஓர் ஆண்டாக்கியது. பிரான்சில் புதிய பொருட்களுக்கு இரண்டு ஆண்டு. ஆக, ஏழாவது மாதத்தில் நின்றுபோன அதே மெஷினுக்கு லண்டனில் இருப்பவர் தானே ஆதாரம் தேட வேண்டும். பாரிஸில் இருப்பவர் கடைக்குப் போய்ச் சொன்னாலே போதும், மறுப்பதற்கான ஆதாரத்தைக் கடைதான் தேட வேண்டும். இந்த ஒரு விதி மாறினால் எத்தனையோ தகராறுகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. கடைக்காரருக்குத் தன் நிலை என்னவென்று தெரியும். வீணாக இழுத்தடிக்க மாட்டார்.

நீதிமன்றத்துக்கு வெளியே என்னென்ன வழிகள்

அப்படியும் தீராத தகராறுகளுக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சில வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ‘மாற்றுத் தகராறு தீர்வு’ என்ற ஒரே பெயரில் அழைத்தாலும், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பெரியது. எந்த வழியில் போகிறோம் என்று தெரியாமல் போனால் பின்னால் அவதிப்பட நேரும்.

முதலாவது சமரசப் பேச்சு. ஒரு சமரசர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். யார் சொல்வது சரி என்று அவர் தீர்ப்பு வழங்குவதில்லை. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு; ஒப்புக்கொள்ளாவிட்டால் பேச்சு முடிந்தது, வந்த வழியே திரும்பலாம். இலங்கையில் 1988-இன் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இந்த வகைதான். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பல வகைத் தகராறுகளில், இணக்கம் ஏற்படவில்லை என்று சபை தரும் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது.

இரண்டாவது குறைதீர்ப்பாளர். ஆம்புட்ஸ்மேன் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இவர் இரு தரப்பு ஆவணங்களையும் தானே வாங்கிப் பார்த்து, தேவையானதைத் தானே விசாரித்து முடிவு சொல்வார். நுகர்வோர் வாதாடத் தேவையில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது நடுவர் தீர்ப்பு. இது பெயரில்தான் நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறது, விளைவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போன்றது. பெரும்பாலும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், மேல்முறையீட்டுக்கு இடம் மிகக் குறைவு. இதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

இவற்றோடு, நீதிமன்றமும் இல்லாமல் சமரசமும் இல்லாமல் இடையில் நிற்கும் தீர்ப்பாயங்களும் உண்டு. மலேசியாவின் நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயத்திலும் சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்திலும் பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. மலேசியாவில் 50,000 ரிங்கிட் வரையும், சிங்கப்பூரில் 20,000 டாலர் வரையும் (இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை) கோரலாம். பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தும் வசதி படைத்த தரப்பும் தானே வந்து பேச வேண்டும் என்பது காலண்டர் சொன்ன ஏற்றத்தாழ்வை ஓரளவு சமன் செய்கிறது.

ஸ்வீடன் கற்றுத் தருவதும் ஐரோப்பிய இணையதளம் கற்றுத் தருவதும்

இந்த வழிகள் எப்போது வேலை செய்கின்றன, எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகின்றன? இரண்டு அனுபவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஸ்வீடனில் 1968 முதல் தேசிய நுகர்வோர் தகராறு வாரியம் ஒன்று இயங்குகிறது. புகார் கொடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. விசாரணை எழுத்து மூலமாகவே நடக்கும். நிறுவனம் பதிலே தராவிட்டாலும் வாரியம் இருக்கும் ஆவணங்களை வைத்து முடிவு சொல்லிவிடும். இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. வாரியத்தின் முடிவு வெறும் பரிந்துரைதான். அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. காரணம், பின்பற்றாத நிறுவனங்களின் பெயர்களை அங்குள்ள ஒரு நுகர்வோர் இதழ் கறுப்புப் பட்டியலாக வெளியிடுகிறது. வாரியத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை இருப்பதால் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு இருக்கிறது. அதில் பெயர் வருவதைவிடப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நிறுவனத்துக்கு மலிவு.

அடுத்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவம். 2013-இல் ஒன்றியம் ஒரு நல்ல சட்ட ஏற்பாட்டைச் செய்தது. உறுப்பு நாடுகளில் ஏறக்குறைய எல்லா வகை நுகர்வோர் தகராறுகளுக்கும் அங்கீகரிக்கப்பட்ட தீர்வு அமைப்பு இருக்க வேண்டும். நுகர்வோருக்கு அது இலவசமாகவோ பெயரளவு கட்டணத்திலோ கிடைக்க வேண்டும். முழு ஆவணங்களும் வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். கூடவே, எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டில் வாங்கினாலும் ஒரே இடத்தில் புகார் கொடுக்க ஓர் இணையதளமும் 2016 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பல மொழிகளில் இயங்கியது. இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதன் இணைப்பைத் தன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று விதியும் இருந்தது.

2025 ஜூலை 20 அன்று அதை மூடிவிட்டார்கள். ஏன்? புகார்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் புகார் வந்ததும் நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் அது தீர்வு அமைப்புக்குப் போகும் என்று தளம் அமைக்கப்பட்டிருந்தது. நூற்றில் இரண்டு புகார்களுக்குத்தான் நிறுவனங்களிடமிருந்து இசைவான பதில் வந்தது. ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 200 தகராறுகள் மட்டுமே தீர்வு அமைப்புகளைச் சென்றடைந்தன. கோடிக்கணக்கானவர்கள் இணையத்தில் பொருள் வாங்கும் ஒரு சந்தையில் 200!

தகராறு தீர்வு பற்றிய பிரிட்டனின் 2015 விதிகளிலும் இதே ஓட்டை இருந்தது. புகாரைத் தாங்களாகத் தீர்க்க முடியாத நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட ஒரு தீர்வு அமைப்பின் பெயரை நுகர்வோரிடம் சொல்ல வேண்டும். அந்த அமைப்புக்கு வரத் தயாரா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். பல துறைகளில், வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போகவும் அந்த விதியில் இடம் இருந்தது. நம்பி வந்த ஒருவருக்கு வழியைக் காட்டிவிட்டு, அங்கே கதவு திறக்காது என்றும் சேர்த்துச் சொல்வது அவரை அவமதிப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீர்வு அமைப்புக்கு வருவது நிறுவனத்தின் விருப்பமாக இருந்தால், தவறு செய்யாத நிறுவனங்கள் வரும். வர வேண்டியவை வரா. ஸ்வீடனில் நிறுவனம் வராவிட்டாலும் முடிவு வெளியாகும், ஊருக்குத் தெரியும். நிறுவனம் பங்கேற்றே தீர வேண்டும், அல்லது பங்கேற்காமலிருப்பது நிறுவனத்துக்கு நஷ்டமாக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றையாவது சட்டம் உறுதி செய்யாவிட்டால் எவ்வளவு அழகான இணையதளம் கட்டியும் பயன் இல்லை.

யார் செலவில், யாரைக் கட்டுப்படுத்த?

பங்கேற்பைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வேர் 1981-இல் காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களாகவே உருவாக்கிய ஒரு குறைதீர்ப்பு அலுவலகம். பிறகு 2000-ஆம் ஆண்டின் சட்டம் வங்கி, காப்பீடு, கடன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அமைப்பை ஏற்படுத்தியது. அத்துறையில் உரிமம் பெற்ற நிறுவனம் எதுவும் அதிலிருந்து விலகி நிற்க முடியாது.

அதன் அமைப்பில் மூன்று அம்சங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்குச் சில வழக்குகள் போக மீதி ஒவ்வொரு வழக்குக்கும் நிறுவனம்தான் கட்டணம் செலுத்துகிறது. அதனால் சின்னப் புகார்களை அமைப்பு வரை விடாமல் தானே தீர்த்துவிடுவது நிறுவனத்துக்கு லாபம். அடுத்து, குறைதீர்ப்பாளரின் முடிவை நுகர்வோர் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோருக்குப் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு நீதிமன்றம் போகலாம். அதாவது கட்டு ஒரு பக்கம்தான். ஜெர்மனியின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் முறையிலும் குறிப்பிட்ட தொகை வரை நிறுவனம் மட்டும் கட்டுப்படும். இது நிறுவனத்துக்கு அநீதி என்று சிலர் வாதிடுவார்கள். தொடக்கத்திலேயே சாய்ந்திருக்கும் தராசைச் சமன் செய்ய ஒரு பக்கம் எடை வைக்கத்தான் வேண்டும். மூன்றாவது, சட்ட விதிகளை மட்டும் பார்க்காமல், எல்லாச் சூழலையும் வைத்துப் பார்க்கும்போது எது நியாயம் என்று முடிவு செய்யப் பிரிட்டன் குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் உண்டு.

நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் அமைப்பு நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லுமா என்ற சந்தேகம் நியாயமானது. எந்தத் தீர்வு அமைப்பைப் பற்றிப் படித்தாலும் இதைக் கேட்கத்தான் வேண்டும். தீர்ப்புச் சொல்பவரை நியமிப்பது யார், பிடிக்காத முடிவு சொன்னார் என்பதற்காக அவரை நீக்க முடியுமா, முடிவுகள் பொதுவில் வெளியாகின்றனவா? நான் சொன்ன பிரிட்டன் அமைப்பு 2013 முதல் தன் இறுதி முடிவுகளை வெளியிட்டு வருகிறது. யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். அப்புறம், ஒரே மாதிரி முறைகேடு எங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சமரசப் பேச்சின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. பேசியது வெளியே போகக்கூடாது என்பது சமரசத்தின் விதி. மனம்விட்டுப் பேச அது தேவைதான். ஆனால் ஒரே குறைபாட்டுக்காக நூறு பேர் தனித்தனியாகச் சமரசம் செய்துகொண்டால், நூற்றொன்றாவது ஆளுக்கு அது தெரியாமலே போகும். எனவே உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான பொருட்கள், பலரைப் பாதிக்கும் முறைகேடுகள் போன்றவற்றைச் சமரசத்துக்கு அனுப்பக்கூடாது. இந்தியாவின் 2020 நுகர்வோர் சமரச விதிகள் இதைக் கவனித்திருக்கின்றன. மரணமோ கொடுங்காயமோ விளைந்த மருத்துவக் கவனக்குறைவு, கடுமையான மோசடி, போலி ஆவணம், வழக்கில் இல்லாத பலரின் நலனைத் தொடும் விவகாரங்கள் ஆகியவற்றைச் சமரசத்துக்கு அனுப்ப முடியாது.

நீதிமன்றக் கதவு மூடப்படக்கூடாது

நடுவர் தீர்ப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்றேன். தொலைபேசி இணைப்பு வாங்கும்போதும் செயலியைத் திறக்கும்போதும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறோம் அல்லவா? அதன் பின்னால் உள்ள நீண்ட ஒப்பந்தத்தில், எதிர்காலத்தில் எந்தத் தகராறு வந்தாலும் நீதிமன்றம் போக மாட்டேன், நடுவரிடம்தான் போவேன் என்று ஒரு பத்தி இருக்கலாம். அமெரிக்காவில் 1925-இன் கூட்டாட்சி நடுவர் சட்டத்தின் பலத்தில் இத்தகைய பத்திகள் செல்லுபடியாகின்றன.

2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதில் திருப்புமுனை. இலவசத் தொலைபேசி என்று விளம்பரம் செய்துவிட்டு விற்பனை வரியாக 30 டாலர் சொச்சம் வசூலித்தார்கள் என்பது புகார். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து வழக்குப் போட முயன்றார்கள். ஒப்பந்தத்தில் தனித்தனியாக நடுவரிடம்தான் போக வேண்டும் என்று இருப்பதால் சேர்ந்து வர முடியாது என்றது நீதிமன்றம். 30 டாலருக்காகத் தனியாக யார் போவார்கள்? அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் நிதித்துறையிலாவது இத்தகைய தடையை நீக்க ஒரு விதி கொண்டுவந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் எடுத்தது. தகராறு வருவதற்கு முன்பே நீதிமன்ற உரிமையை விட்டுக்கொடுப்பதாக நுகர்வோர் கையெழுத்திட்டிருந்தால், அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2013-இன் ஏற்பாட்டிலேயே எழுதிவைத்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் வீட்டுமனை நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கில், ஒப்பந்தத்தில் நடுவர் பத்தி இருப்பதைக் காட்டி நுகர்வோர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கான வழியை அடைக்க முடியாது என்று 2018-இல் உறுதி செய்தது.

அப்படியானால் முதலில் சமரசம் பேசிவிட்டுத்தான் நீதிமன்றம் வர வேண்டும் என்று சட்டம் சொல்வதும் தவறா? தவறில்லை, ஆனால் நிபந்தனைகள் வேண்டும். இத்தாலியில் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்தது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு சில நிபந்தனைகளைச் சொன்னது: சமரசத்தின் முடிவு கட்டாயமாகத் தலையில் சுமத்தப்படக்கூடாது, அதனால் பெரிய தாமதம் ஏற்படக்கூடாது, வழக்குக்கான காலவரம்பு அந்த நாட்களில் ஓடக்கூடாது, செலவு இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும், வழி இணையம் மட்டுமே என்று இருக்கக்கூடாது, அவசரத் தேவைக்கு இடைக்கால உத்தரவு கிடைக்க வேண்டும். கட்டாயச் சமரசம் பற்றி எந்த நாட்டில் சட்டம் வந்தாலும் இந்தப் பட்டியலை வைத்து அளந்து பார்க்கலாம். கடைசி இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இணையம் பழகாதவரும் நுகர்வோர்தான்.

ஒழுங்காற்று அமைப்புகளின் கைக்கு வந்த அதிகாரம்

சமீபத்திய சீர்திருத்தங்களில் இன்னொரு போக்கும் தெரிகிறது. ஒவ்வொருவராகப் புகார் கொடுத்து ஒவ்வொன்றாகத் தீர்ப்பதற்குப் பதிலாக, அரசின் ஒழுங்காற்று அமைப்பே நிறுவனத்தின் மீது நேரடியாக நடவடிக்கை எடுப்பது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கியது. ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அது உத்தரவிடலாம். பிரிட்டனில் 2024-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2025 ஏப்ரல் முதல் நீதிமன்றம் போகாமலே நுகர்வோர் சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க முடியும். தனிநபரின் புகாருக்கு இது மாற்று ஆகாது. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தின் மனநிலையை இது மாற்றுகிறது.

நீங்கள் புகார் கொடுக்கும் நிலைக்கு வந்தால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் பேசுவது வேகமாக இருக்கலாம், ஆனால் அதற்குச் சாட்சி இல்லை. என்ன வாங்கினீர்கள், எப்போது, என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும் (பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா), எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். கோபத்தைக் கொட்டும் பத்திகள் வேண்டாம். பின்னால் இதைப் படிக்கப்போவது உங்களைத் தெரியாத ஒரு மூன்றாம் மனிதர். ரசீது, உத்தரவாத அட்டை, படங்கள், கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள்.

பல குறைதீர்ப்பு அமைப்புகள் நிறுவனத்துக்கு முதலில் வாய்ப்புக் கொடுத்தீர்களா என்று கேட்கும். பிரிட்டனின் நிதித்துறை அமைப்பு பெரும்பாலான புகார்களுக்கு நிறுவனத்துக்கு எட்டு வாரம் தருகிறது. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்தபிறகு ஆறு மாதத்துக்குள் நுகர்வோர் அந்தக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போய்விட வேண்டும். இறுதிப் பதில் என்று தலைப்பிட்டு வரும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

காலவரம்பு பற்றி இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. நிறுவனத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நிற்காது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. ‘பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்’ என்று நிறுவனம் சொல்லும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கிலிருந்துதான் கழிகிறது. வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள கெடுவை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சமரசம் கைகூடினால், கையெழுத்திடும் தாளை நிதானமாகப் படியுங்கள். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற சொற்கள் இருந்தால், இந்தப் பொருள் தொடர்பாக இனி எதுவும் கேட்க முடியாமல் போகலாம். இன்றைய பழுதுக்கு மட்டும் தீர்வா, நாளை வேறு பாகம் கெட்டாலும் கேட்க முடியாதா என்பதைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பணம் எந்தத் தேதியில், எந்த வழியில் வரும் என்பதும் இருக்க வேண்டும்.

பணம் வராவிட்டால் என்ன செய்வது என்பது அந்தத் தாள் எங்கே பதிவாகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு பேருக்குள் எழுதிக்கொண்ட தாள் வெறும் ஒப்பந்தம். மீறினால் புதிதாக வழக்குப் போட வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பிய வழக்கு என்றால், தீர்வு அறிக்கை வந்த ஏழு நாட்களுக்குள் ஆணையம் அதைப் பதிவு செய்து உத்தரவு பிறப்பிக்க வேண்டும். நுகர்வோர் கட்டியிருந்த புகார்க் கட்டணமும் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். அப்படிப் பதிவான தீர்வை நிறுவனம் மீறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனுவே போதும்.